இன்றிரவு நாம் தூங்கும் நிலம் யாருடையது?

பல்கலைக்கழகப் பருவ விடுமுறை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் திட்டங்கள் ஓடத் தொடங்கிவிடும். நான்கு நண்பர்கள், ஒரு வேன், இரண்டு கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு. ஹோட்டல் வேண்டாம், ஹோம்ஸ்தே வேண்டாம். கோப்பெங் பக்கமோ தாப்பா பக்கமோ ஓர் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே தூங்கிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் உடனே தலையாட்டுவார்கள்.

காணொளிகளில் அமெரிக்கப் பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்கும் நடமாடும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பே. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, வாடகையும் கிடையாது. வானம் நிறைய நட்சத்திரங்கள் மட்டும். இப்படித் தங்குவதை அங்கே 'பூன்டாக்கிங்' என்கிறார்கள்.

அந்தச் சொல் நம் வட்டாரத்துச் சொல் என்பது பலருக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகாலோக் மொழியில் 'பூண்டோக்' என்றால் மலை. அங்கே போரிட்ட அமெரிக்க வீரர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான காட்டுப் பகுதியைக் குறிக்க அந்தச் சொல்லைக் கொண்டு போனார்கள். தென்கிழக்காசியக் காட்டிலிருந்து போன சொல் அமெரிக்கப் பாலைவனத்தில் நிலைத்துவிட்டது.

அங்கே நடப்பதை இங்கே அப்படியே செய்ய முடியுமா? இதற்கு விடை வண்டியில் இல்லை. வண்டி நிற்கும் நிலத்தில் இருக்கிறது.

பாலைவனத்திலும் சட்டம் உண்டு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பரந்த நிலப்பரப்பு மத்திய அரசுக்குச் சொந்தமானது. அதில் பெரும் பங்கை நில மேலாண்மைப் பணியகம் என்ற அரசு நிறுவனம் நிர்வகிக்கிறது. அதன் பொறுப்பில் உள்ள நிலம் சுமார் 245 மில்லியன் ஏக்கர். நம் மலேசியாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலக் கொள்கை, மேலாண்மைச் சட்டம் இந்த நிலங்களைப் பொதுமக்களின் பலவகைப் பயன்பாட்டுக்கு உரியவை என்று வகுத்தது. மேய்ச்சல், சுரங்கம், வனவிலங்குப் பாதுகாப்பு, பொழுதுபோக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே, தடை அறிவிப்பு இல்லாத இடங்களில் ஒருவர் வண்டியை நிறுத்தி இலவசமாகத் தங்கலாம்.

ஆனால் விருப்பப்படி தங்க முடியாது. பொதுவாக 28 நாள்களுக்குள் ஓரிடத்தில் 14 நாள்கள் மட்டுமே தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். ஏற்கெனவே தடம் பதிந்த இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். குப்பையையும் கழிவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்காலம் முழுதும் தங்க நினைப்பவர்களுக்காக அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் நெடுநாள் தங்குமிடங்கள் 1983 முதல் இயங்குகின்றன. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சிற்றூர் இதற்குப் பெயர்பெற்றது. சில ஆயிரம் பேர் மட்டுமே நிரந்தரமாக வாழும் அந்த ஊரைச் சுற்றிக் குளிர்காலத்தில் வண்டிகள் பெருங்கூட்டமாக வந்து நிற்கும்.

அங்கே வருபவர்கள் எல்லாரும் விடுமுறைப் பயணிகள் அல்லர். 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வேலையையும் வீட்டையும் இழந்து, வேனையே வீடாக்கிக் கொண்ட முதியவர்களும் உண்டு. அவர்களின் வாழ்க்கையை ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலாக எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஒருவருக்கு உல்லாசமாக இருப்பது இன்னொருவருக்கு வேறு வழியில்லாத வாழ்க்கையாக இருக்கலாம்.

பேராக்கில் நிலம் யார் கையில்?

நம் நாட்டில் நிலைமை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. பேராக்கில் நிலம் பற்றிய முடிவு ஈப்போவில்தான் எடுக்கப்படும். 'யாரும் வந்து இரவு தங்கலாம்' என்று பொதுவாகத் திறந்துவிடப்பட்ட நிலவகை எதுவும் இங்கே இல்லை. காலியாகத் தெரியும் ஒவ்வோர் இடமும் கீழ்க்கண்ட வகைகளில் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, அரசு நிலம். யாருக்கும் பட்டா கொடுக்கப்படாத நிலம் மாநில அரசுக்குச் சொந்தம். அனுமதியின்றி அதை ஆக்கிரமிப்பது தேசிய நிலச் சட்டத்தின் 425ஆவது பிரிவின்படி குற்றம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்ச அபராதம் 500,000 வெள்ளி, சிறைத்தண்டனை 5 ஆண்டு வரை. இந்தப் பிரிவு முக்கியமாகக் கட்டடம் கட்டுபவர்களையும் பயிரிடுபவர்களையும் குறிவைப்பது. ஆனாலும், 'அரசு நிலம்தானே, யாருக்கும் சொந்தமில்லை' என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது, நிரந்தர வனக் காப்பகம். பேராக் மாநிலத்தின் பரப்பு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி காடு; அந்தக் காட்டின் பெரும்பகுதி நிரந்தர வனக் காப்பகம். 'ஹுத்தான் சிம்பான் கெக்கால்' என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின் 47ஆவது பிரிவின் கீழ், மூடப்பட்ட காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது குற்றம்; 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அனுமதிச் சீட்டை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, மாநிலப் பூங்கா. கிரிக் பக்கமுள்ள ரோயல் பெலும் 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 117,500 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காட்டுக்குள் நுழைவதற்குத் தனி அனுமதி வேண்டும். யானைகளும் புலிகளும் வாழும் இடம் அது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இரவில் யானைகள் சாலைக்கே வரும். அங்கே 'ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் தூங்கலாம்' என்ற யோசனையே ஆபத்தானது.

நான்காவது, ஆற்றங்கரை ஒதுக்கீட்டு நிலம். பெரும்பாலோர் கூடாரம் போட ஆசைப்படுவது இங்கேதான். வெள்ளம் வந்தால் ஆறு விரிவதற்காக விடப்பட்ட இடம் இது. பெயரே எச்சரிக்கை.

ஐந்தாவது, பூர்வகுடி மக்களின் நிலம். கோப்பெங், தாப்பா, சுங்கை சிப்புட் காடுகளில் செமாய், தெமியார் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். நமக்குக் காடாகத் தெரிவது அவர்களுக்குப் பழத்தோட்டமாகவும் வேட்டை நிலமாகவும் மூதாதையர் இடுகாடாகவும் இருக்கலாம். கோப்பெங்குக்கு அருகே உலு கெரோவில் செமாய் மக்களே வழிகாட்டிகளாக இருந்து ரஃப்லேசியா மலரைக் காட்டுகிறார்கள். அங்கே போக விரும்பினால் அவர்கள் மூலமாகப் போவதே முறை.

ஆறாவது, தனியார் நிலம். செம்பனைத் தோட்டம், ரப்பர் தோட்டம், பழத்தோட்டம், பழைய ஈய லம்பத்துக் குட்டை எல்லாம் இதில் அடங்கும். வேலி இல்லை என்பதற்காக உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது.

தோட்டத்து நிலமும் நம் கதையும்

இந்த ஆறாவது வகையைப் பற்றி நாம் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். பேராக் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் வரலாறு ஏதோ ஒரு தோட்டத்தில்தான் தொடங்குகிறது.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னமும் மரமாக அந்த நகரில் நிற்கிறது. அதன் பிறகு வந்த அரை நூற்றாண்டில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். விடியும் முன்பே தலைவிளக்கோடு வெட்டுக்குப் போனார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். பத்து காஜா அருகே கெல்லிஸ் காசலுக்குப் போனவர்கள் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். அந்த மாளிகையைக் கட்டிய தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித், தம் தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுப்பிய கோயில் அது.

ஆனால் லயத்து வீடு தொழிலாளியின் வீடு அன்று. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போய்விடும். மூன்று தலைமுறை தூங்கி எழுந்த இடமாக இருந்தாலும் நிலம் கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. 1950களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழக்கும் நிலை வந்தது.

அதற்குப் பதிலாகத்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைப் பங்காகப் போட்டுத் தோட்டங்களைத் தாங்களே வாங்கும் வழியைக் காட்டினார். கூலி வாங்கியவர் பங்குதாரர் ஆனார். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியின் கனத்தை அந்தத் தலைமுறை நன்றாக அறிந்திருந்தது.

இரவு என்பதும் அப்போது வேறு மாதிரி இருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. இருட்டிய பிறகு வெளியே நடமாடத் தடை இருந்தது. இன்று நாம் கூடாரம் போட ஆசைப்படும் அதே காட்டோரத்தில் இரவில் நின்றவர் மீது துப்பாக்கி நீண்ட காலம் அது. உங்கள் பாட்டனார் 'ராத்திரியில அந்தப் பக்கம் எதுக்குப்பா?' என்று கேட்டால் அதை வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் கோயில் மட்டும் நிற்கும் தோட்டங்கள் உண்டு. நகரங்களுக்குப் போன குடும்பங்கள் ஆண்டுத் திருவிழாவுக்காக அங்கே திரும்பி வந்து, கொட்டகை போட்டு, சமைத்து, விடிய விடிய இருந்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படி வரும்போதும் கோயில் நிர்வாகம் முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிடுவதே நல்ல வழக்கம். தாத்தா பிறந்த மண் என்ற உரிமை மனத்தில் இருக்கலாம்; நிலப்பட்டாவில் இருப்பது வேறு பெயர்.

ஆகவே பழைய தோட்டத்துச் சாலையில் வேனை நிறுத்துமுன் அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும், விடியற்காலையில் வெட்டுக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிளும் பழம் ஏற்றும் லாரியும் போகும் வழியை அடைக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிகள் அதிகம். எலி இருக்கும் இடத்தில் நாகப்பாம்பும் இருக்கும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் இடம் அது அன்று.

பத்தாங்காலி சொன்ன பாடம்

அனுமதி என்றாலே காகித வேலை, தொல்லை என்று நினைப்பவர்கள் 2022 டிசம்பர் 16ஆம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலாங்கூர், பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின்மேல் அதிகாலை வேளையில் மலைச்சரிவு விழுந்தது. பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் தூங்கிக் கொண்டிருந்தவர்களில் 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். சரிந்த மண் சுமார் 450,000 கன மீட்டர் என்று அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். அந்த இடத்தில் இயற்கை வேளாண்மைக்கு அனுமதி இருந்தது. முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை என்று அரசாங்கம் பின்னர் தெரிவித்தது.

கட்டணம் கொடுத்து வந்த விருந்தினர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் ஓர் இடத்துக்கு முகாம் உரிமம் கேட்டால்தான், அந்தச் சரிவு பாதுகாப்பானதா, மண் எப்படிப்பட்டது, வெளியேறும் வழி எது என்ற கேள்விகளை யாராவது கேட்பார்கள். உரிமம் இல்லாத இடத்தில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்கவில்லை என்று பொருள். கட்டண முகாமுக்குப் போனாலும் 'உங்களுக்கு உரிமம் இருக்கிறதா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆற்றைப் பொறுத்தவரை நம் நாட்டில் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லப்படும் திடீர் நீர்ப்பெருக்குதான் பெரிய எமன். மலை உச்சியில் கொட்டும் மழை மொத்தமாக ஓடையில் இறங்கும்போது, கீழே வானம் தெளிவாக இருந்தாலும் சில நிமிடங்களில் நீர்மட்டம் ஏறிவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அறிகுறிகள். பார்த்தவுடன் பொருள்களை விட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். தூக்கத்தில் இருப்பவர் இந்த அறிகுறிகளில் எதையும் பார்க்க மாட்டார். அதனால்தான் பகலில் குளிக்கலாம் என்று தோன்றும் ஆற்றங்கரையிலும் இரவில் தூங்கக் கூடாது.

அமெரிக்கப் பாலைவனத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. அங்கே காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்பார்கள். எங்கோ பல மைல் தொலைவில் பெய்த மழை, மணல் படுகையில் சுவர்போல் வரும். மழைக்காடும் பாலைவனமும் எவ்வளவு மாறுபட்டவையாக இருந்தாலும் தண்ணீர் இறங்கும் விதி ஒன்றுதான்.

பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடிமழை அதிகம். தேதியை முடிவு செய்யும்போது இதையும் பாருங்கள்.

மின்சாரமும் தண்ணீரும்: ஒரு கணக்கு

இணைப்பு எதுவும் இல்லாமல் ஓர் இரவைக் கழிப்பது, பள்ளியில் படித்த இயற்பியலைப் பயன்படுத்திப் பார்க்க நல்ல வாய்ப்பு.

வேனில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆற்றல் 1,200 வாட்-மணி. சாதாரண ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே கையில் இருப்பது 600.

ஒரு சிறிய மின்விசிறி 20 வாட்; எட்டு மணி நேரத்துக்கு 160. எல்.இ.டி. விளக்கு 5 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 25. நான்கு கைப்பேசிகளுக்குச் சுமார் 60. ஒரு மடிக்கணினிக்கு 60. இதுவரை 305. இதற்குமேல் 500 வாட் சோற்றுப் பானையை அரை மணி நேரம் போட்டால் இன்னொரு 250. மொத்தம் 555. பேட்டரி முடிந்தது. சோற்றைக் கேஸ் அடுப்பில், வண்டிக்கு வெளியே சமைத்தால் இரண்டாவது இரவுக்கும் மின்விசிறி ஓடும்.

குளிர்சாதனம்? 700 வாட் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 5,600. அந்தச் சிறிய பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கூரையில் 100 வாட் சூரியத்தகடு இருந்தால் நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி கிடைக்கலாம். ஆனால் மர நிழலில் நிறுத்தினால் அதில் பெரும்பகுதி போய்விடும். பாலைவனத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே நிழல்தான் கிடைக்காது.

பேட்டரி தீர்ந்ததும் பலர் செய்யும் காரியம் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தோடு தூங்குவது. இது உயிருக்கு ஆபத்து. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் உயிர் போய்விடும். மூடிய வண்டிக்குள் அல்லது கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பதும் இதே ஆபத்துதான். எஞ்சினை அணைத்து, கண்ணாடியைச் சிறிது இறக்கி, கொசுவலை மாட்டித் தூங்குங்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு 4 லிட்டர். கழுவ, முகம் அலம்ப 10 லிட்டர். நான்கு பேர், இரண்டு நாள் என்றால் 112 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதாவது 112 கிலோ. பயணி ஒருவரையும் அவருடைய பைகளையும் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். வண்டியின் சுமை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் நம் ஆறுகளில் உண்மையான ஆபத்து. காலில் காயம் இருந்தால் நீரில் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

வேனைப் படுக்கை, அடுப்பு வைத்த நடமாடும் வீடாக மாற்றும் எண்ணம் இருந்தால், வாகன அமைப்பை மாற்ற ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

அப்படியானால் எங்கே தங்குவது?

இத்தனையும் படித்தபின் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முறையாகத் தங்கப் பேராக்கில் வழிகள் உண்டு.

நெடுந்தூரப் பயணத்தில் தூக்கம் வந்தால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடங்களே சிறந்தவை. தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் விளக்கு, கழிப்பறை, உணவு, ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. ஓட்டுநர் களைப்பாறத்தான் அந்த இடம் இருக்கிறது. ஆனால் அங்கே கூடாரம் விரித்து அடுப்பு மூட்டக் கூடாது. நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவது எக்காரணத்துக்காகவும் கூடாது.

ஆற்றோரத்தில் தங்க ஆசை என்றால், உயரமான இடத்தில் அமைந்த, உரிமமுள்ள முகாம் தளத்தைத் தேடுங்கள். கோப்பெங், கம்பார், தாப்பா பகுதிகளில் சுற்றுலா நடவடிக்கைகள் நிறைய உண்டு. வன இலாகா நிர்வகிக்கும் பொழுதுபோக்கு வனங்களில் இரவு தங்கலாமா என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கிராமத்தருகே என்றால் கிராமத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள். 'பாக் சிக், போலே காமி பெர்மாலாம் டி சினி சத்து மாலாம்?' என்ற ஒரு வரி பல கதவுகளைத் திறக்கும். எத்தனை பேர், எந்த நேரம் கிளம்புவோம், வண்டி எண் என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு போய்க் கேட்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

ஓர் இடத்தின் உரிமையாளர் யார் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், லோட் எண்ணைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். சட்டமும் நில அளவையும் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. வீடு வாங்கும் வயதில் எல்லாருக்கும் தேவைப்படும் அறிவும்கூட.

கிளம்புமுன் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். காட்டோரத்தில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது; வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்து, தங்குமிடத்தின் அகலாங்கு, நெட்டாங்கைக் குறித்து வையுங்கள். 999க்கு அழைக்கும்போது 'ஆத்துப் பக்கம் இருக்கோம்' என்று சொன்னால் யாராலும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

காலையில் கிளம்பும்போது, நீங்கள் அங்கே இருந்ததற்கு அடையாளம் எதுவும் மிஞ்சக் கூடாது. உணவு மிச்சம், பிளாஸ்டிக், சிகரெட் துண்டு எல்லாம் உங்களோடு திரும்ப வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில், நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். பாத்திரம் கழுவிய சோப்பு நீரை ஆற்றில் ஊற்றாதீர்கள். அமெரிக்காவில் சில பாலைவனப் பகுதிகள் முகாமுக்கு மூடப்பட்டதற்கு முக்கியக் காரணம், வந்தவர்கள் விட்டுச்சென்ற குப்பையே. நமக்கு அடுத்து வருபவரின் அனுமதி நம் கையில் இருக்கிறது.

இந்த விடுமுறைக்கு ஒரு சிறிய வேலை செய்து பாருங்கள். நீங்கள் தங்க நினைக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, அது மேலே சொன்ன ஆறு வகைகளில் எதைச் சேர்ந்தது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். அப்படியே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ பிறந்த தோட்டத்தையும் அந்த வரைபடத்தில் தேடுங்கள். லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனையா, தாமானா, தொழிற்சாலையா? அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? வீட்டில் கேட்டால் விடையின் ஒரு பாதி கிடைக்கும். மறுபாதி நில அலுவலகத்தில் இருக்கிறது.